பழசு என்றால் காசா?

"வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபா இருந்தா பத்து லட்சம் தராளாம்டா!"

மயிலாப்பூரில் எங்கள் எதிர்வீட்டு மாமி போன மாதம் சொன்னது இது. 'பதிவுக் கட்டணம்', அப்புறம் 'வரி' என்று இரண்டு தவணையாக எட்டாயிரம் ரூபாய் அனுப்பினார். அதோடு அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

எனக்கு மாமி மேல் கோபமில்லை. "பழசுன்னா காசு" என்று நம்பவைக்கும் வீடியோக்கள் மேல்தான்.

பி.காம். முதல் வருடப் பாடம் இது: எத்தனை இருக்கிறது, எத்தனை பேர் கேட்கிறார்கள், இரண்டும் சேர்ந்ததுதான் விலை. வயது அந்தக் கணக்கிலேயே இல்லை. ராஜராஜன் செப்புக்காசுக்கு ஆயிரம் வயது. ஆனால் ஏராளமாகக் கிடைப்பதால் சாதாரணக் காசு சில நூறு ரூபாய்தான். 1939ம் வருட ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்க்கு நூறு வயதுகூட ஆகவில்லை. மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு, தேடுபவர்களோ அதிகம். அதனால்தான் அதற்கு அடிதடி! முந்தைய வருடத்து ரூபாய்க்கு அந்த மவுசு கிடையாது.

வைஷ்ணோ தேவி காசு? 2012ம் வருடம் பொறித்து, புழக்கத்துக்கென்றே விட்டது. பர்ஸில் துழாவினால் கிடைப்பதற்கு யார் சார் பத்து லட்சம் தருவார்?

இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது. பழைய நாணய வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று.

காசை வாங்க வருபவன் பணம் கொடுப்பான், கேட்கமாட்டான். இது புரிய பி.காம். எல்லாம் வேண்டாம்.