யாருக்குப் பதில் சொல்கிறோம்?

போன மாதம் கடலையில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா மகன் வந்தான். வேளாண்மைப் பட்டம் முடித்தவன். "மாமா, டெல்லியில ஒரு பெரிய அறக்கட்டளையில வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷம் இருந்தா, அப்புறம் அமைச்சகம், ஐ.நா.ன்னு போயிடலாம்கிறாங்க. போகட்டுமா?" என்றான். வரப்பில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினோம். உழவர்களுக்கான திட்டங்களைத் தீட்டுகிற பெரியவர்கள் பலரும் இந்த வழியில் போனவர்கள்தான். அதனால் அவனிடம் பேசியதை உங்களிடமும் சொல்கிறேன்.

ராஜீவ் ஷா அமெரிக்காவில் மருத்துவம் படித்தவர். 2001இல் கேட்ஸ் அறக்கட்டளையில் சேர்ந்து, அதன் வேளாண் பிரிவுக்கு இயக்குநராகவும் இருந்தார். 2009இல் அமெரிக்க வேளாண் துறையின் தலைமை விஞ்ஞானி, 2010இல் யு.எஸ்.எய்ட் தலைவர், 2017இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைத் தலைவர். இதே இரண்டு அறக்கட்டளைகளும் சேர்ந்து 2006இல் தொடங்கியதுதான் 'அக்ரா' என்கிற ஆப்பிரிக்கப் பசுமைப் புரட்சிக் கூட்டணி.

"படிச்சவங்களுக்கு மண் தெரியாது, அதான் கோளாறு" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். ஆனால் அக்னஸ் கலிபாடாவைப் பாருங்கள். ருவாண்டாவைச் சேர்ந்த உழவர் வீட்டுப் பெண். உகாண்டாவில் அகதி முகாமில் வளர்ந்தவர். பூச்சியியலில் முனைவர். 2008இல் ருவாண்டாவின் வேளாண் அமைச்சர், 2014இல் அக்ராவின் தலைவர். 2021இல் நடந்த ஐ.நா. உணவு மாநாட்டுக்குச் சிறப்புத் தூதரும் அவரே. மண் தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியுமா?

அக்ரா கையில் எடுத்தது வீரிய விதை, ரசாயன உரம், அவற்றை விற்கும் ஊர்க்கடை. 2020க்குள் சிறு உழவர்களின் விளைச்சலும் வருமானமும் இரட்டிப்பாகும் என்றார்கள். ஆகவில்லை. ஆப்பிரிக்க உணவு இறையாண்மைக் கூட்டணி என்ற அமைப்பு, அக்ராவுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று 2021இல் கொடையாளர்களையே கேட்டது. கொடையாளர்களைத்தானே கேட்க முடியும்? அமைச்சர் சரியில்லை என்றால் ஓட்டுப் போட்டு இறக்கலாம். அறக்கட்டளைத் தலைவரை எந்த உழவர் இறக்குவது? அவருடைய அறிக்கை போவது பணம் கொடுத்தவருக்கு. உரக்கடன் நிற்பது உழவர் தலையில். ஆள் நல்லவரா கெட்டவரா என்பதைவிட, இந்த ஏற்பாடுதான் எனக்கு உறுத்துகிறது.

நம் நம்மாழ்வார் அய்யாவும் இப்படிப்பட்ட கதவுகள் வழியாகப் போனவர்தான். 1963இல் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை. அங்கே செய்கிற ஆராய்ச்சி மானாவாரி உழவருக்கு உதவவில்லை என்று கண்டு, 1969இல் வெளியே வந்தார். அடுத்து வெளிநாட்டுத் தொண்டு அமைப்பு: நோபல் பரிசு பெற்ற டொமினிக் பியர் தொடங்கிய 'அமைதித் தீவு'. களக்காட்டுப் பகுதியில் ஏறத்தாழ பத்தாண்டு கிராமத்து மக்களோடு இருந்தார். அரசு, தொண்டு நிறுவனம் எல்லாம் அவரும் பார்த்தார். ஆனால் ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் வயலுக்குக் கிட்டத்தில் வந்தார். வரப்பில் நின்று அவரை எதிர்த்துக் கேட்க எந்த உழவராலும் முடிந்தது.

அதனால் அக்கா மகனிடம் போகாதே என்று நான் சொல்லவில்லை. அந்த நாற்காலிகளில் நம் பிள்ளைகளும் உட்கார வேண்டும். "மாப்ளே, முதல்ல ஒரு வருஷம் சொந்தமா வெள்ளாமை பண்ணு. லாபமோ நட்டமோ உன் கையால கணக்கு எழுது. அப்புறம் போ. அங்க எந்தத் திட்டத்துல கையெழுத்துப் போட்டாலும், இது தப்பாப் போனா யார் கடன்காரனாவான்னு கேட்டுட்டுப் போடு" என்றேன்.

நம் இயக்கத்துக்கும் ஒரு கோரிக்கை. இப்படி வேலைக்குப் போகிற பிள்ளைகளை ஒரு பட்டமாவது நம் பண்ணைகளில் தங்க வைப்போம். போன பிறகும் வருஷம் ஒரு முறை கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்போம்.

வேலையில் சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று அவன் கடிதம் எழுதியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. மேட்டாங்காட்டில் அரை ஏக்கரை அவனுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.