பொது மருத்துவம் என்னும் தனித்துறை

ராயபுரம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு ஸ்டான்லி மருத்துவமனை இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'தான். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். அங்கே வளர்ந்த மருத்துவப் பள்ளி 1938இல் கல்லூரியாயிற்று. கட்டடங்கள் உயர்ந்தன, துறைகள் பெருகின. ஆனாலும், நோயைக் கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேட்ட இடம் அது என்பதை மக்கள் வைத்த பெயர் இன்னும் மறக்கவில்லை.

திருவொற்றியூரில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவரின் தந்தை, துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கிய உடம்புக்காரர். சர்க்கரைக்கு ஒரு மருத்துவர், இரத்த அழுத்தத்துக்கு இன்னொருவர், மூச்சிரைப்புக்கு வேறொருவர், முழங்கால் வலிக்குத் தெருமுனை மருந்துக்கடை என்று அவருடைய முதுமை பங்கிடப்பட்டிருந்தது. ஒவ்வொரு மருத்துவரும் தம் பங்கைச் சரியாகவே செய்தார். ஒரு நாள் கால் வீங்கியது. சிறுநீரகம் பழுதாகி வருகிறது என்று இரத்தப் பரிசோதனை சொன்னது. நான்காவதாக ஒரு நிபுணரைப் பார்க்கப் புறப்பட்டார்கள்.

இடையில் ஒரு மருத்துவமனையில், பொது மருத்துவத்தில் எம்.டி. முடிக்கும் தறுவாயில் இருந்த இளைஞர் ஒருவர், "வீட்ல என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்களோ, எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்கய்யா" என்றார். மறுநாள் வந்த மஞ்சள் பையை மேசைமேல் கவிழ்த்தார். அழுத்தத்துக்கான ஒரு வகை மாத்திரை, நீர் பிரிவதற்கான மாத்திரை, மருந்துக்கடைக்காரர் தந்த வலி மாத்திரை ஆகிய மூன்றும் அதில் கிடந்தன. இம்மூன்றும் ஓர் உடலில் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகத்தின் இரத்த ஓட்டம் குறைந்து அது பழுதாகக்கூடும் என்பது மருத்துவ நூல்களில் உள்ள பாடம்தான். வலி மாத்திரை நிறுத்தப்பட்டது. மற்றவை மாற்றி எழுதப்பட்டன. சில வாரங்களில் வீக்கம் வடிந்தது.

அண்மையில் மாணவரைச் சந்தித்தபோது அந்த இளம் மருத்துவரைப் பற்றி விசாரித்தேன். "அவர் ஹார்ட்டுக்குப் படிக்கப் போயிட்டார் சார்" என்றார். நல்ல செய்தியாகத்தான் சொன்னார். எனக்கு ஏனோ ஓர் இழப்பைக் கேட்டது போலிருந்தது.

அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நம்முடைய கல்வியமைப்பு அவருக்கு அமைத்துத் தந்த படிக்கட்டு அது. எம்.பி.பி.எஸ். பயிற்சியாண்டோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு. அதற்குமேல் படிக்க விரும்பினால் இதயம், சிறுநீரகம், நரம்பு, குடல் என்று மூன்றாண்டு டி.எம். படிப்புகள் காத்திருக்கின்றன. தேசியத் தேர்வு வாரியத்தின் ஃபெலோஷிப் பயிற்சிகளும் பெரும்பாலும் ஓர் உறுப்பையோ ஒரு நுட்பத்தையோ நோக்கியவை. எம்.டி. முடித்தவர் முழு மனிதனைப் பற்றியே இன்னும் ஆழமாகக் கற்க விரும்பினால், பதவியும் ஊதியமும் மதிப்பும் இணைந்த அப்படியொரு பாதை பரவலாக இல்லை. மேலே போவது என்றாலே ஏதேனும் ஓர் உறுப்புக்குள் போவது என்றாகிவிட்டது.

வேறு நாடுகள் இதை யோசித்திருக்கின்றன. அமெரிக்காவில் 1970களிலிருந்தே, பொது மருத்துவத்தில் பயிற்சி முடித்தவர்களுக்கு அதே துறையில் ஃபெலோஷிப் பயிற்சிகள் வளர்ந்தன. நோயாளியைப் பார்த்துக்கொண்டே ஆய்வு முறை, புள்ளியியல், கற்பிக்கும் கலை ஆகியவற்றைப் பெரும்பாலும் இரண்டாண்டுகளில் அங்கே கற்கிறார்கள். கனடா 2010இல் பொது உள்மருத்துவத்தையே ஒரு தனிச்சிறப்புத் துறையாக ஏற்றது. பொதுமை ஒரு சிறப்பாக முடியுமா என்று கேட்கலாம். பல நோய்கள் ஓர் உடலில் கூடும்போது எதை முதலில் பார்ப்பது, பன்னிரண்டு மாத்திரைகளில் எந்த நான்கை நிறுத்துவது, எந்தப் பரிசோதனை தேவையில்லை, எப்போது சும்மா காத்திருப்பது என்பவற்றுக்கும் பயிற்சி வேண்டும். அது தானாக வந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் தொழிலிலும் இதே கோளாறு உண்டு. தமிழ்த்துறையில் முதுகலை வகுப்புக்குச் சங்க இலக்கியமோ தொல்காப்பியமோ நடத்துவது கௌரவம். வணிகவியல், இயற்பியல் மாணவர்களுக்கான பகுதி ஒன்று தமிழ், புதிதாக வந்தவர் தலையில் கட்டப்படும். ஆனால் தமிழை வாழ்நாளுக்கும் நேசிக்கவோ வெறுக்கவோ ஒரு பிள்ளை முடிவு செய்வது அந்த வகுப்பில்தான். இருபது ஆண்டுகளாக இரண்டையும் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொது வகுப்பே கடினமானது.

இதற்கான முன்மாதிரியைத் தேடி நாம் கனடா வரை போகவேண்டியதுமில்லை. 1970களில் ஸ்டான்லியில் பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமி கை அறுவைச் சிகிச்சையை ஒரு தனித்துறையாக வளர்த்தார். துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த பகுதியில் இயந்திரத்தில் நசுங்கிய கைகளுக்குப் பஞ்சமா? தொழிலாளிக்குக் கை போனால் சோறு போயிற்று. இந்தியாவில் அத்துறையின் முன்னோடியாக ஸ்டான்லி விளங்கியதற்கு இந்த மண்ணின் தேவையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இயந்திரம் கையை நசுக்குவது கண்ணுக்குத் தெரிகிறது. இந்தப் பகுதி ஓர் உடலை நாற்பது ஆண்டுகளில் மெல்ல நசுக்குவது அப்படித் தெரிவதில்லை. எண்ணூரின் நிலக்கரிச் சாம்பலையும் மணலியின் புகையையும் சுவாசித்தபடி இரவுப் பணி பார்த்து, வலி மாத்திரையால் நாளை ஓட்டும் உடல் அது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா பெரியகுப்பம் மக்களை வீட்டைவிட்டு ஓடவைத்தது. அன்று மூச்சுத் திணறி வந்தவருக்கு முதலுதவி கிடைத்திருக்கும். ஆனால், அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டா, எத்தனை ஆண்டு எங்கே வேலை செய்தார், அடுத்த ஆண்டு அவர் நுரையீரல் எப்படி இருக்கும் என்பவற்றை ஒரே கையேட்டில் எழுதித் தொடர்ந்து பார்ப்பது எந்தத் துறையின் வேலை? பொது மருத்துவத்தின் வேலை. அதற்குத்தான் மேற்பயிற்சி வேண்டும் என்கிறேன்.

2020இல் இரண்டு திருவேங்கடங்களை இழந்தோம். ஒருவர், ஸ்டான்லியில் மருத்துவப் பேராசிரியராக இருந்து, நோயாளியின் படுக்கையருகே நின்று தலைமுறைகளுக்குப் பாடம் சொன்ன கே.வி. திருவேங்கடம், 1981இல் பத்மஸ்ரீ பெற்றவர். மற்றவர், ஸ்டான்லியில் படித்து, 1973 முதல் இரண்டு ரூபாய்க்கும் பின்னர் ஐந்து ரூபாய்க்கும் வியாசர்பாடியில் வைத்தியம் பார்த்த திருவேங்கடம். ஒருவரிடம் கூர்மையான பொது அறிவு. மற்றவரிடம் தெருவை விட்டு நகராத தொடர்ச்சி. இவ்விரண்டையும் ஒருவரிடமே விளைவிப்பதுதான் நான் கேட்கும் பயிற்சி. இரண்டாண்டுகளில் பாதி நாள் ஸ்டான்லியின் வார்டுகளில், பாதி நாள் திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு நலவாழ்வு மையங்களில். இறுதியில் இந்தப் பகுதியைப் பற்றியே ஓர் ஆய்வு.

மறுப்புகள் உண்டு. குடும்ப மருத்துவம் என்ற படிப்பு இருக்கிறதே என்பார்கள். அது முதல் வாசலுக்கு உரியது; அதுவும் பெருக வேண்டும். நான் சொல்வது அந்த வாசலிலிருந்து சிக்கலோடு அனுப்பப்படுபவரை வார்டில் ஏற்றுக்கொள்பவரைப் பற்றி. இதய நிபுணர்களே போதவில்லையே என்பது இன்னொரு மறுப்பு. உண்மை. ஆனால் பொது மருத்துவர் பொறுக்கி அனுப்பாவிட்டால், இருக்கும் நிபுணரின் நேரமும் வீணாகும். மூன்றாவது மறுப்பே எனக்கு வலுவானதாகப் படுகிறது: எட்டரை ஆண்டு படித்த ஏழை வீட்டுப் பிள்ளையை இன்னும் இரண்டாண்டு படி என்பது நியாயமா? உரிய ஊதியமும், முடித்தபின் டி.எம். படித்தவருக்கு இணையான பதவியும் இல்லையென்றால் நியாயமில்லை. வெறும் சான்றிதழ் ஒன்றைக் கூட்டுவதற்காக இதைத் தொடங்கவே வேண்டாம்.

'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவன் அறியவேண்டியவற்றை வரிசைப்படுத்தும்போது நோயாளியின் அளவை முதலிலும் நோயின் அளவை அடுத்தும் வைக்கிறார். அந்த வரிசையை நம் படிப்புகள் என்றோ மாற்றிவிட்டன. என் மாணவரின் தந்தை இப்போது நலமாக இருக்கிறார். மாத்திரைகள் மறுபடியும் கூடிவிட்டனவாம். மஞ்சள் பையைக் கவிழ்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.