பசளை வந்திறங்கவில்லை, பணம் போய்ச் சேர்ந்தது!

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதியைத் தடுத்தது அன்றைய அரசாங்கம். வன்னியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கமக்காரன் வெறுங்கையோடு வயலில் இறங்கினான். அவனுக்கென்று சீனாவிலிருந்து புறப்பட்ட கப்பலில் 20,000 தொன் சேதனப் பசளை. அதன் மாதிரியில் தீங்கான பக்டீரியா உண்டென்றனர் நம் தாவரத் தொற்றுக்காப்பு அதிகாரிகள், விற்றவர் மறுத்தனர். ஒக்டோபரிற் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் பணங் கொடுப்பதைத் தடுத்தது. நீதிமன்றத்துக்குக் கீழ்ப்படிந்த மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலிற் சேர்த்தது! ஈற்றில் இணக்கம் ஏற்பட்டு, 2022 சனவரியில் ஏறத்தாழ 70 இலட்சம் அமெரிக்க டொலர் செலுத்தப்பட்டது. பசளை ஒரு பிடிதானும் வயலைச் சேரவில்லை.

நாணயக் கடிதத்தை ஆளும் அந்நிய விதிகளே நம் கையைக் கட்டின என்பாரும் உளர். அவ்விதிகளை அவர்கள் படித்தார்களா என்பதே நமது ஐயம்.

பாரிசிலுள்ள சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1933இல் முதன்முதல் வெளியிட்ட விதிகள் அவை. 2007 யூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பதிப்பின் நான்காம் பிரிவு, நாணயக் கடிதம் வேறு, விற்பனை ஒப்பந்தம் வேறு என்கிறது. ஐந்தாம் பிரிவோ, வங்கி பார்ப்பது பத்திரத்தையே, பொருளையன்று என்கிறது. பத்திரத்திற் குறை கண்டால் ஐந்து வங்கி நாட்களுக்குள் மறுத்துரைக்க வேண்டும். குறையில்லையேல் பணம் கொடுத்தேயாக வேண்டும். இதைக் கொடுமையென்று நாம் கூறோம். முகமறியா வணிகனுக்குக் கடல் கடந்து சரக்கனுப்ப ஒருவன் துணிவது இவ்வுறுதியை நம்பியே. நமது தேயிலையும் அவ்வாறே விலைபோகிறது.

விற்றவனே மோசடி செய்தால் நீதிமன்றம் தலையிடும். தூரிகை மயிரென்று மாட்டு மயிரையும் குப்பையையும் அனுப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வழக்கில், 1941இலேயே நியூயோர்க் நீதிமன்றம் அதற்கு வழி திறந்தது. தரத்தைப் பற்றிய தகராறு அவ்வழியில் நுழைதல் அரிது.

ஆயின் எந்தப் பத்திரங்கள் வேண்டுமென்று எழுதுவிப்பவர் யார்? வாங்குபவரே! ‘நம் அதிகாரிகளின் அங்கீகாரச் சான்றிதழ் இன்றேற் பணமில்லை’ என்று ஒரு வரி எழுதுவதை எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. விற்பவர் அதற்கு இசையாவிடின் வேறிடத்தில் வாங்கலாம். கடிதம் திறந்தபின் கூக்குரலிட்டுப் பயனென்ன?

70 இலட்சம் டொலர் போன மூன்றே மாதத்தில், ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென்று இந்நாடு கைவிரித்தது. ஆகவே நாம் கேட்கிறோம்: அந்த நாணயக் கடிதத்தின் முழு வாசகத்தையும் பாராளுமன்றத்தின் மேசைமீது வையுங்கள். கேட்கப்பட்ட பத்திரங்கள் எவை, அவற்றைத் தெரிந்தெடுத்தவர் எவர், ஒப்பமிட்டவர் எவர் என்பதைக் கமக்காரன் அறியட்டும்.