பனியில் உருண்ட பந்து

கால்பந்து என்றதும் பக்கத்தைப் புரட்டிக் கொண்டு தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள், சகோதரிகளே! உங்களை மைதானத்துக்கு அழைத்துப் போய் வெயிலில் நிறுத்தப் போவதில்லை. 'ஆஃப்சைடு' என்றால் என்ன என்று பாடம் நடத்தப் போவதும் இல்லை. இது வெள்ளத்தில் ஆரம்பித்து, பனியில் வளர்ந்து, பெங்களூரில் பலித்த கதை. நடுவில் பெண்பிள்ளைகளும் வருகிறார்கள்.

கன்னியாகுமரி ஜில்லாவில், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிதறால் என்று ஓர் ஊர். அங்கே ஒரு மலை. மேலே பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி ஒருவர் இந்த மலைக் கோயிலுக்குப் பொன் ஆபரணம் அளித்ததைக் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். பொன்னை வாங்கி வாங்கிப் பெட்டியில் பூட்டும் நமக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது. போகட்டும், நான் சொல்ல வந்தது அதுவல்ல.

சமீபத்தில் அங்கே போயிருந்தேன். மலையை விட்டு இறங்கும்போது அடிவாரத்தில் சில பையன்கள் பந்து உதைத்துக் கொண்டிருந்தார்கள். பேரனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப் போய் வேலியோரம் நின்ற ஒரு பாட்டியம்மாள் என்னைப் பார்த்து, "ஏன் மக்களே, இப்பிடிக் கெடந்து ஓடுததுக்கு, ஜெயிச்சா என்னதான் கிட்டும்?" என்று கேட்டாள்.

"மேலே போகலாம், பாட்டி" என்றேன்.

"மேலேன்னா எங்க? மலைக்கா?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமான கேள்விதான். கால்பந்துக் கோஷ்டிகளுக்கும் பள்ளிக்கூடம் மாதிரி வகுப்புகள் உண்டு. முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று பெயர். கீழ் வகுப்பில் ஜெயித்தால் மேல் வகுப்புக்கு ஏற்றிவிடுவார்கள். மேல் வகுப்பில் கடைசியாக வந்தால் காதைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். நம் வீட்டுப் பிள்ளை ஒன்பதாவதிலிருந்து பத்தாவது போக முப்பத்தைந்து மார்க் போதும். இங்கே அப்படி அல்ல. 2018-ல் 'ஐ-லீக்' இரண்டாம் டிவிஷனில் ஆடிய கோஷ்டிகள் பதினெட்டு. மேலே போக இடமோ ஒன்றே ஒன்று. வகுப்பு முழுவதற்கும் ஒரே ஒருவன் பாஸ் என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்! அந்த ஓர் இடத்தைப் பிடித்தது ஸ்ரீநகரிலிருந்து வந்த 'ரியல் காஷ்மீர்'.

குழித்துறை வழியாகத்தான் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் போகிறது. கன்னியாகுமரியில் ஏறி உட்கார்ந்தால் மூன்று இரவு கழித்து ஜம்முவைத் தாண்டிக் கட்ராவில் இறக்கிவிடும். 2025 ஜூனிலிருந்து கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே மலையைக் குடைந்து ரயில் ஓடுகிறது. நம் கதை நடந்தபோது அது கிடையாது. மேடையில் பேசுகிறவர்கள் 'காஷ்மீரம் முதல் கன்னியாகுமரி வரை' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். அந்த இரண்டு முனையிலும் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வது என்னவோ அபூர்வம்தான்.

2014 செப்டம்பரில் ஜீலம் நதி கரை புரண்டு ஸ்ரீநகருக்குள் நுழைந்தது. முதல் மாடி வரைக்கும் தண்ணீர். வெள்ளம் வடிந்த பிறகு சேற்றை வாரிக் கொட்டியாயிற்று, பாய் படுக்கையை உலர்த்தியாயிற்று. வாலிபர்களுக்கு மட்டும் செய்ய ஒன்றுமில்லை. வேலை இல்லை, போக்கிடமும் இல்லை. காஷ்மீரில் சும்மா நிற்கும் வாலிபனுக்கு என்னென்ன ஆபத்து என்பதை அங்கே பிள்ளை பெற்றவர்களைக் கேட்டால் தெரியும்.

இதைப் பார்த்துக் கொண்டிருந்த இருவர் பந்து வாங்கிக் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். ஒருவர் ஷமீம் மெஹ்ராஜ், பத்திரிகாசிரியர், முஸ்லிம். மற்றவர் சந்தீப் சட்டூ, ஹோட்டல் முதலாளி, காஷ்மீரப் பண்டிதர். 1990-ஐ ஒட்டிப் பண்டிதர்களில் பெரும்பாலோர் வீடு வாசலை விட்டுப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற நேர்ந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பேர்ப்பட்ட ஊரில் இந்த இருவரும் சேர்ந்து ஒரு காரியம் தொடங்கினார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பந்து கொடுத்தார்கள், பையன்கள் ஆடினார்கள், ஆடினவர்களைச் சேர்த்து 2016-ல் ஒரு கிளப். ஸ்பெயின் தேசத்து ரியல் மாட்ரிட்டில் 'ரியல்' என்றால் 'ராஜரீகமான' என்று அர்த்தமாம். இவர்கள் பெயரைக் கேட்டால் நமக்கு 'நிஜமான' என்றுதான் காதில் விழுகிறது. அதுவே பொருத்தமாகவும் இருக்கிறது.

கிளப் வந்தாயிற்று. வாத்தியார் வேண்டுமே? 2017 ஜனவரியில் டேவிட் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்து சேர்ந்தார். லேசுப்பட்ட ஆள் அல்ல. ரேஞ்சர்ஸ் என்ற பிரசித்தி பெற்ற கிளப்பில் ஆடி வரிசையாக ஆறு வருஷம் லீக் பட்டம் வென்றவர். பிறகு அமெரிக்காவில் அரிஸோனாப் பாலைவனப் பக்கம் குடியேறிப் பயிற்சியாளராக இருந்தவர். பாலைவனத்திலிருந்து நேரே காஷ்மீரத்து ஜனவரிக்கு! வந்து பார்த்தால் எங்கும் பனி. மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். இன்டர்நெட்டும் அப்படியே. திரும்பிப் போய்விடலாமா என்று முதலில் தோன்றியதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். இந்த நிலையில் நம் வீட்டுக்காரர்களாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம். அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள்.

ராபர்ட்சன் இருந்துவிட்டார். அவருடைய மனைவியும் வந்து சேர்ந்து கிளப் வேலைகளில் கை கொடுத்தார். மகன் மேஸனும் பிறகு அதே கோஷ்டியில் ஆடினான். குடும்பமே குடியேறிவிட்டது என்று சொல்லலாம். இவர்கள் வாழ்க்கையை பி.பி.சி. படமாக எடுத்தது. தன்னுடைய ஸ்காட்லாந்து உச்சரிப்பை வைத்துக் கொண்டு அந்தக் காஷ்மீரத்துப் பையன்களுக்கு அவர் எப்படித்தான் பாடம் சொல்லிக் கொடுத்தாரோ! இங்கிலீஷ்காரர்களுக்கே அது பிடிபடாது என்பார்கள்.

அந்தக் காலத்தில் அந்த ஊர்ப் பெண்கள் என்ன செய்து கொண்டிருந்தார்கள்? 2017 ஏப்ரலில் ஸ்ரீநகரில் ஒரு பெண், முகத்தைத் துப்பட்டாவால் மறைத்துக் கொண்டு, போலீஸார் மீது கல்லை வீசும் புகைப்படம் எங்கும் பரவியது. பெயர் அஃப்ஷான் ஆஷிக். கால்பந்துப் பயிற்சிக்குப் போகும் வழியில் தன்னுடன் வந்த பெண்ணைப் போலீஸ்காரர் ஒருவர் அறைந்துவிட்டதால் கல்லெடுத்ததாக அவர் சொன்னார். அதே வருஷம் டிசம்பரில் அதே அஃப்ஷான், ஜம்மு-காஷ்மீர் பெண்கள் கோஷ்டியின் தலைவியாக டில்லிக்குப் போய், உள்துறை மந்திரியைச் சந்தித்தார். தங்களுக்கு நல்ல மைதானமும் பயிற்சியும் வேண்டும் என்று கேட்டார். அவர் கோஷ்டியில் கோல் காப்பவர். கல்லை எறிந்த கையும் பந்தைப் பிடித்த கையும் ஒன்றுதான்.

இப்போது 2018-க்கு வருவோம். பதினெட்டுக் கோஷ்டிகளும் மூன்று பிரிவாக ஆடிக் கடைசியில் மிஞ்சியவை நான்கு: டில்லியின் ஹிந்துஸ்தான், பெங்களூரின் ஓஸோன், மணிப்பூரின் ட்ராவ், நம் ரியல் காஷ்மீர். இறுதிச் சுற்று முழுவதும் பெங்களூரில். மே மாதம், ரம்ஜான் மாதமும் அதுவே. நோன்பு காலத்தில் பிள்ளை ஊரில் இல்லை, சாயங்காலம் இஃப்தாருக்கு விரிப்பை விரிக்கும்போது ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றால் அந்த வீட்டில் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீபாவளிக்குப் பிள்ளை வராத வீடு நமக்குத் தெரியாதா?

மே 30-ந் தேதி ஹிந்துஸ்தானுடன் ஆட்டம். மூன்றுக்கு இரண்டு என்று காஷ்மீர் ஜெயித்தது. ஒரே ஒரு கோல் வித்தியாசம்! காஷ்மீரிலிருந்து ஒரு கிளப் ஐ-லீக்கின் முதல் டிவிஷனுக்குப் போனது அதுவே முதல் தடவை. 1980-களில் அப்துல் மஜீத் காக்ரூ என்ற காஷ்மீரர் இந்தியாவுக்கே காப்டனாக இருந்திருக்கிறார். பிறகு இஷ்ஃபாக் அகமது, மெஹ்ராஜுத்தீன் வாடூ என்று நல்ல ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் எல்லாரும் பெயரெடுக்க வெளியூர் போக வேண்டியிருந்தது. இப்போது வெளியூர்க்காரர்கள் ஸ்ரீநகருக்கு வந்தாக வேண்டும். பாட்டியம்மாள் கேட்ட 'மேலே' அதுதான்.

மேல் வகுப்புக்குப் போன பிள்ளை முதல் நாளே என்ன செய்தது தெரியுமா? 2018 அக்டோபர் 31-ந் தேதி பஞ்ச்குலாவில், போன வருஷத்துச் சாம்பியனான மினர்வா பஞ்சாபை ஒரு கோலில் வீழ்த்தியது. ஒரு வாரத்துக்குள் நவம்பர் 6-ந் தேதி ஸ்ரீநகரிலேயே கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸுடன் ஆட்டம். யாரும் கோல் போடவில்லை. கோல் இல்லாத ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஜனங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போன அதிசயத்தை அங்கேதான் பார்க்க வேண்டும்.

அந்தப் பருவத்தின் முடிவில் ரியல் காஷ்மீர் மூன்றாவது இடம். முதல் இடம்? சொன்னால் நீங்களும் நிமிர்ந்து உட்காருவீர்கள். கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய நம் சென்னை சிட்டி! முந்தின வருஷம் பத்துக் கோஷ்டிகளில் எட்டாவதாக வந்து, இறக்கிவிடாமல் தப்பித்த கோஷ்டி அது. 2019 மார்ச் 9-ந் தேதி அதே மினர்வாவை மூன்றுக்கு ஒன்று என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயின்டில் பின்னால் தள்ளிப் பட்டத்தைத் தட்டிக் கொண்டது.

அந்த எட்டாவது இடத்துப் பருவத்தில் சென்னை சிட்டிக்காக ஆடி, லீகின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்று விருது வாங்கியவர் மைக்கேல் சூசைராஜ். எந்த ஊர் என்கிறீர்கள்? சிதறாலிலிருந்து தெற்கே போய்க் கடலைத் தொட்டால் வரும் மீனவர் கிராமங்களில் ஒன்றான இரவிபுத்தன்துறை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாக இருக்கும் அந்தக் கரையில் சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போவதும், கரைக்கு வந்தால் பந்து உதைப்பதும்தான் ஆண்பிள்ளைகளின் வாழ்க்கை. அந்தப் பருவம் ஆரம்பித்த சில நாட்களிலேயே, 2017 நவம்பர் 30-ந் தேதி, ஒக்கிப் புயல் வந்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. அந்தக் கிராமங்களில் மனைவிமார்களும் தாய்மார்களும் கடலைப் பார்த்துக் கொண்டு நின்ற நாட்களைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. அப்போது நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

வடக்கு முனையில் வேறு விதமாகக் காத்திருந்தார்கள். 2019 பிப்ரவரி 14-ந் தேதி புல்வாமாவில் குண்டு வெடித்து நாற்பது ஜவான்கள் மாண்டார்கள். நான்கு நாள் கழித்து ஸ்ரீநகரில் ஆட வேண்டிய மினர்வா கோஷ்டி வரவில்லை. அடுத்து ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தையும் டில்லிக்கு மாற்றிவிட்டார்கள். வராதவர்களைக் குறை சொல்வதும் கடினம். அவர்களுக்கும் வீட்டில் அம்மா இருக்கிறாள். ஆனால் மைதானத்தில் கோடு போட்டு, சட்டையை மடித்து வைத்துக் கொண்டு காத்திருந்தவர்களின் மனசையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆகஸ்டில் காஷ்மீரின் விசேஷ அந்தஸ்து நீக்கப்பட்டது. டெலிபோன், செல்போன், இன்டர்நெட் எல்லாம் நின்றன. ரியல் காஷ்மீர் பையன்கள் அப்போது டூராண்டு கோப்பை ஆட வங்காளத்துக்குப் போயிருந்தார்கள். பக்ரீத் வந்தது, போயிற்று. வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்க வழியில்லை. மகன் ஜெயித்தானா, சாப்பிட்டானா என்று அம்மாவுக்கும் தெரியாது. அந்த மனநிலையோடு ஆடி அரை இறுதி வரைக்கும் போனார்கள். ஆகஸ்ட் 21-ந் தேதி கல்கத்தாவில் மோகன் பகானிடம், கூடுதல் நேரம் வரை இழுத்துப் பிடித்துத்தான் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள்.

அடுத்த வருஷம் டிசம்பரில் அதே கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை ஜெயித்தார்கள், 2021-ல் மறுபடியும். பெங்களூரில் மேலே ஏறிய கோஷ்டியில் தானிஷ் ஃபாரூக் என்று ஓர் ஸ்ரீநகர்ப் பையன். அவனுடைய அப்பாவும் பழைய கால்பந்துக்காரர். 2022 மார்ச்சில் பஹ்ரைனுக்கு எதிராக இந்தியாவின் நீலச் சட்டையைப் போட்டுக் கொண்டு அவன் களத்தில் இறங்கினான். அன்றைக்கு ஸ்ரீநகரில் டெலிபோன் வேலை செய்தது.