வீடூர் அணை நீர்ப் பகிர்வை அளந்து வெளியிடக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், விழுப்புரம்
சார் ஆட்சியர் அவர்கள், திண்டிவனம்
செயற்பொறியாளர் அவர்கள், நீர்வளத்துறை, விழுப்புரம்

அனுப்புநர்:
அணைப் பாசன விவசாயிகள் சங்கத்தினர், விழுப்புரம் மாவட்டம்

பொருள்: வீடூர் அணையிலிருந்து தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் திறக்கப்படும் பாசன நீரைக் கண்காணிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வராக நதியும் தொண்டியாறும் சேரும் இடத்தில் 1959-இல் கட்டப்பட்ட வீடூர் அணையின் முழு நீர்மட்டம் 32 அடி. கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. ஆயக்கட்டு 3,200 ஏக்கர். இதில் 2,200 ஏக்கர் நம் மாவட்டத்திலும் 1,000 ஏக்கர் புதுச்சேரியிலும் உள்ளன.

புதுச்சேரிக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று கேட்க நாங்கள் வரவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் நடவு செய்பவர்களோடு எங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை உண்டு. அவர்கள் பங்கு அவர்களுக்குப் போகட்டும். எவ்வளவு போகிறது, எங்களுக்கு எவ்வளவு வருகிறது என்ற கணக்கு மட்டும் இரு பக்கத்துக்கும் தெரிய வேண்டும்.

அணை திறக்கும் நாளில் எத்தனை ஏக்கர், எத்தனை நாள் என்று அறிவிப்பு வருகிறது. அதன்பின் எந்தக் கிளை வாய்க்காலில் எத்தனை கன அடி ஓடுகிறது என்பதை ஆயக்கட்டுக்காரர் தெரிந்துகொள்ள வழியில்லை. கடைமடைக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் மேல்மடைக்காரர் மீது பழி. மேல்மடைக்காரர் புதுச்சேரியைக் கைகாட்டுகிறார். அங்குள்ளவர்களோ தமிழகத்தில் மறித்துவிட்டார்கள் என்கிறார்கள். பொம்பூர், பொன்னம்பூண்டி, கோரக்கேணி, ஐவேலி, நெமிலி என எந்த ஊரில் கேட்டாலும் இதே பேச்சுதான். யார் சொல்வது உண்மை என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட எவர் கையிலும் இல்லை.

காவிரியில் பிலிகுண்டுலுவுக்கு எத்தனை கன அடி வந்தது என்று டீக்கடையில் பேப்பர் பார்ப்பவர் அன்றாடம் சொல்கிறார். அந்தப் பங்கீட்டு ஏற்பாட்டுக்கு நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம், 2018-இல் மேலாண்மை ஆணையம் என்று நெடுங்காலம் பிடித்தது. வீடூருக்கு ஆணையம் வேண்டாம். அளவுகோலும் பதிவேடும் போதும்.

ஆகவே, அணையின் தலைமதகிலும், கிளை வாய்க்கால் பிரியும் இடங்களிலும், வாய்க்கால் புதுச்சேரிக்குள் நுழையும் எல்லையிலும் நீர் அளவிகள் அமைக்க வேண்டும். அன்றாட அளவை அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போட வேண்டும். இணையத்திலும் வெளியிட்டால் நல்லது. ஆனால் பலகைதான் எங்களுக்கு முக்கியம்.

அணை திறக்கும் முன்பே இரு அரசுகளின் பொறியாளர்களும் இரு பக்க உழவர் பிரதிநிதிகளும் ஒன்றாக அமர்ந்து முறைவைப்பை முடிவு செய்ய வேண்டும். பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழகத்தில் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு இடமளிக்கிறது. அச்சங்கங்களை அழைக்காமல் எடுக்கும் முடிவு வாய்க்கால் கரையில் நிற்காது.

அணை கட்டி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வண்டல் போக இன்றைய உண்மையான கொள்ளளவு என்ன என்று அளந்து சொல்ல வேண்டும். 605 என்ற பழைய எண்ணை வைத்துப் பங்கு பிரிப்பது பொருந்தாது.

நீர் அளவிகள் தரும் கணக்கு வெள்ளக் காலத்துக்கும் உதவும். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1-ஆம் தேதிக் கணக்குப்படி, நம் மாவட்டத்து மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவானது. புதுச்சேரியும் அதே மழையில்தான் மூழ்கியது. அணையின் ஷட்டர்களைத் திறந்தால் அந்த நீர் சங்கராபரணி ஆற்றின் வழியே புதுச்சேரியின் வில்லியனூர் வரை போகும். எத்தனை கன அடி, எத்தனை மணிக்கு என்ற தகவல் இரு மாநிலக் கரையோர ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும்.

அடுத்த முறை பாசனத்துக்கு அணை திறக்கும் முன்னரே மேற்கண்ட கூட்டுக் கூட்டத்தைத் திண்டிவனத்தில் கூட்டுமாறும், நீர் அளவிகள் அமைக்க மதிப்பீடு தயாரிக்க உத்தரவிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இம்மனுவின் நகலைப் புதுச்சேரி பொதுப்பணித்துறைக்கும் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்