ஓர் ஓடமும் ஒரு ரப்பர் வளையமும்



விண்வெளி ஓடம் என்றால் என்ன தெரியுமா? ராக்கெட் மாதிரி மேலே ஏறும், விமானம் மாதிரி ஓடுபாதையில் இறங்கும். மறுபடியும் பறக்கும். அமெரிக்காவின் நாசா 1981 முதல் 2011 வரை 135 முறை இவற்றை அனுப்பியது.

பலூனை ஊதி, வாயைக் கட்டாமல் விட்டுப் பாருங்கள். காற்று பின்னால் சீறும், பலூன் முன்னால் ஓடும். ஓடம் கிளம்புவதும் இதே தத்துவம்தான். ஓடத்தின் வயிற்றோடு ஒரு பெரிய ஆரஞ்சு நிறத் தொட்டி. அதில் திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் இருக்கும். தொட்டியின் இரண்டு பக்கமும் பூஸ்டர் ராக்கெட்டுகள். இவை தீபாவளி ராக்கெட் மாதிரி, பற்றவைத்தால் நடுவில் அணைக்க முடியாது! இரண்டு நிமிடத்தில் எரிந்து முடிந்து, கழன்று, பாராசூட்டில் கடலில் இறங்கும். எட்டரை நிமிடத்தில் ஓடம் விண்வெளியில்! தொட்டியும் கழன்றுவிடும்.

திரும்பும்போது காற்றில் உரசி 1,600 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். உடம்பில் பதித்த ஆயிரக்கணக்கான ஓடுகளும், இறக்கை முனையில் உள்ள கவசமும்தான் காப்பாற்றும். இறங்கும்போது என்ஜின் ஓடாது. பருந்து மாதிரி மிதந்துதான் வரணும்.

இத்தனை பெரிய இயந்திரத்தை எது வீழ்த்தியது? சின்னப் பொருள்கள்தான் என்பார்கள். சொன்னதைக் கேட்காததும்தான் என்பேன் நான்.

பூஸ்டரைப் பல துண்டுகளாகச் செய்து இணைப்பார்கள். குக்கர் மூடியில் கேஸ்கட் இருக்கிறதல்லவா? அதுபோல இணைப்பில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். குளிரில் அது விறைத்துப்போகும். 1986 ஜனவரி 28 அன்று கடுங்குளிர். கிளப்ப வேண்டாம் என்று பூஸ்டர் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே சொன்னார்கள். ஏற்கனவே பலமுறை தள்ளிப்போன பயணம். மேலிடம் கேட்கவில்லை. சேலஞ்சர் 73 விநாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து பாடம் நடத்தப் போனவர். மாணவர்கள் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2003-இல் கொலம்பியா. கிளம்பும்போது தொட்டியிலிருந்து பெயர்ந்த ஒரு நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. அதன் எடை ஒரு கிலோகூட இல்லை! இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கணும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். மேலிடம் தேவையில்லை என்று விட்டுவிட்டது. பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது ஓட்டை வழியே அனல் புகுந்தது. கல்பனா சாவ்லாவோடு ஏழு பேரும் போய்விட்டார்கள்.

நம் வகுப்பில், “சார், ஒரு சந்தேகம்” என்று ஒருவன் எழுந்தால் என்ன செய்கிறோம்? ‘வந்துட்டான்டா’ என்று சிரிக்கிறோம். அடுத்த நாள் அவன் எழுவதில்லை. நாளைக்கு நம்மில் யாரோ பாலம் கட்டுவோம், மருந்து கொடுப்போம், பஸ் ஓட்டுவோம். ‘ஏதோ தப்பா இருக்கு’ என்று சொல்லும் பழக்கமும், கேட்கும் பழக்கமும் இங்கேதான் வரணும்.

ஆசிரியர்களே, பாடத்தை முடிக்கும் அவசரம் உங்களுக்கும் உண்டு. ஆனாலும் தூக்கிய கையைப் பாருங்கள். நண்பர்களே, சிரிக்காதீர்கள். கை தூக்குகிறவனே, இறக்கிவிடாதே!

– பத்தாம் வகுப்பு மாணவி