சைக்கிளில் சரக்கு: ஆபத்தை அளப்பது எப்படி?

கடைச் சிப்பந்தியைச் சைக்கிளில் சரக்குடன் அனுப்புவது ஆபத்து என்று புதுவை வணிகர்களில் சிலரும், ஒன்றும் ஆகாது என்று சிலரும் கூறுகின்றனர். இரண்டுமே கணக்குப் பார்க்காத பேச்சு.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். இவர்களில் சைக்கிளில் சென்றோர் நூற்றுக்குச் சுமார் 3 பேர். மோட்டார் இருசக்கர வண்டிகளில் சென்றோர் சுமார் 44 பேர். இதைக் கொண்டு சைக்கிளே பத்திரம் என்று முடிவு கட்டலாகாது. பத்துப் பாட்டில் உடைந்தது என்றால், வந்தது நூறா, ஆயிரமா என்று கேட்பவர்கள் நாம். சைக்கிளிலும் எத்தனை பேர், எவ்வளவு தூரம் சென்றனர் என்று தெரிந்தால்தான் கணக்கு முடியும்.

ஆகவே போகும் பாதையைப் பார்ப்போம். நேரு வீதி, பாரதி வீதி போன்ற உள் வீதிகளில் நெரிசலால் வண்டிகள் மெதுவாகவே செல்லும். அங்கு கவனிக்க வேண்டியது முக்குகளில் திரும்பும் வண்டிகளை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ பஸ்ஸும் லாரியும் விரைந்து வரும். மோதும் வேகம் கூடக் கூட, பிழைக்கும் வாய்ப்புக் குறையும்.

எனவே நமது கருத்து இது: ஊருக்குள் பகலில் சைக்கிள் போதும். சரக்கைக் கேரியரில் இறுகக் கட்ட வேண்டும்; ஹேண்டில்பாரில் பை தொங்கக் கூடாது. பிரேக்கையும் பின்புற ரிஃப்ளெக்டரையும் முதலாளியே பார்க்க வேண்டும். பெருஞ்சாலைக்கும், இருட்டிய பின்பும், மூட்டைக்கும் சரக்கு ஆட்டோவே நல்லது. "சீக்கிரம் போய் வா" என்று விரட்டுவதையும் விடுவோம். மிச்சமாகும் வாடகை நமக்கு; அடிபடும் உடம்பு சிப்பந்திக்கு. இது நியாயமான வியாபாரம் ஆகாது.